இரண்டு ஆறு மணி நேரம்

போன மாதம் ஓர் அம்மா, மூளைச்சாவு என்றால் என்ன என்று கேட்டிருந்தார். நாலு வரியில் பதில் எழுதினேன். அந்த நாலு வரி போதவில்லை என்பது வந்த கடிதங்களைப் பார்த்தாலே தெரிந்துவிட்டது. அதனால் சர்க்கரை, முழங்கால் வலி, பித்தவெடிப்பு எல்லாவற்றையும் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு, இந்த முறை உறுப்பு தானம் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: நான் சேலத்தில் 31 வருடம் நர்ஸாக இருந்தவள். 2012 முதல் 2022-ல் ஓய்வு பெறும்வரை தனியார் மருத்துவமனை ஒன்றில் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளராக வேலை பார்த்தேன். ஐசியூவுக்கு வெளியே பெஞ்சில் காத்துக் கிடக்கும் குடும்பத்தோடு போய் உட்கார்ந்து பேசுவதுதான் அந்த வேலை.

*கருப்பூரிலிருந்து ஒரு வாசகர்: சிஸ்டர், இரண்டு வருடத்துக்கு முன் என் தங்கை வீட்டுக்காரர் தொப்பூர் கணவாயில் பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டார். மூன்றாம் நாள் மூளைச்சாவு என்று எழுதிக் கொடுத்தார்கள். உறுப்பு தருகிறீர்களா என்று வராண்டாவில் நிற்க வைத்தே கேட்டார்கள். கையைத் தொட்டால் சூடாக இருந்தது, நெஞ்சு ஏறி இறங்கியது. உயிரோடு இருக்கிறவரை அறுக்கக் கேட்கிறார்களே என்று சண்டை போட்டுவிட்டோம். மறுநாள் விடியற்காலை போய்விட்டார். நாம் செய்தது சரியா தப்பா என்று இன்றைக்கும் தங்கை கேட்கிறாள். என்ன பதில் சொல்வது?*

தம்பி, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். தங்கையிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: நீங்கள் வேண்டாம் என்றதால் அவர் சாகவில்லை. சரி என்றிருந்தால் பிழைத்திருக்கவும் மாட்டார். மூளைச்சாவு என்று எழுதிக் கொடுத்த நேரத்திலேயே அவர் போய்விட்டார். கொடுப்பதும் கொடுக்காததும் குடும்பத்தின் விருப்பம். கொடுக்காதவர்கள் யாருக்கும் கடன்பட்டவர்கள் இல்லை.

கை ஏன் சூடாக இருந்தது என்று கேட்கிறீர்கள். வென்டிலேட்டர் நெஞ்சுக்குள் காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. இதயத்துக்குத் துடிக்கும் சக்தி அதற்குள்ளேயே உண்டு. ஆக்சிஜன் கிடைக்கிறவரை மூளையைக் கேட்காமலே கொஞ்ச காலம் துடிக்கும். ரத்தம் ஓடுகிறது, அதனால் உடம்பு சூடாக இருக்கிறது. ஆனால் மூச்சு விடு என்று உத்தரவு கொடுக்கிற மூளைத்தண்டு செத்துவிட்டது, அது திரும்பி வராது. கோமா வேறு. கோமாவில் மூளைத்தண்டுக்கு உயிர் இருக்கும், திரும்பி வர வழியும் இருக்கும். நம் ஊரில் பாதிப் பேர் இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறோம். "கோமாவுல இருந்தவனை எடுத்துட்டாங்க" என்ற பேச்சு அங்கிருந்துதான் கிளம்புகிறது.

மூளைச்சாவு என்று ஒரு டாக்டர் தனியாக நின்று சொல்லிவிட முடியாது. 1994-ம் வருடச் சட்டப்படி நாலு டாக்டர்கள் கையெழுத்துப் போட வேண்டும். உறுப்பு மாற்று அறுவை செய்கிற டாக்டர் அந்த நாலு பேரில் இருக்கக் கூடாது. கண்மணியில் டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். கருவிழியைப் பஞ்சு நுனியால் தொடுவார்கள். காதுக்குள் ஐஸ் தண்ணீர் விடுவார்கள். உயிருள்ள மூளைத்தண்டு என்றால் கண் அசையும். தொண்டைக்குள் டியூப் விட்டு இருமல் வருகிறதா என்று பார்ப்பார்கள். மயக்க மருந்தின் வேலையா, உடம்பு சில்லிட்டதால் வந்ததா என்பதையெல்லாம் அதற்கு முன்பே பார்த்து ஒதுக்கியிருப்பார்கள். கடைசியாகத்தான் மூச்சுச் சோதனை. இத்தனையும் ஒரு முறை முடிந்த பிறகு, குறைந்தது ஆறு மணி நேரம் கழித்து, முதலிலிருந்து மறுபடியும் செய்ய வேண்டும்.

அந்த மூச்சுச் சோதனையை ஒரு அப்பா பக்கத்தில் நின்று பார்த்தார். ஏற்காட்டில் காபி எஸ்டேட்டில் வேலை பார்த்தவர். 22 வயது மகன். மே மாதம், சேலத்தில் வெயில் கொளுத்துகிறது. அவர் மலையிலிருந்து போட்டுக்கொண்டு வந்த பழுப்பு ஸ்வெட்டரை இரண்டு நாளாகக் கழற்றவே இல்லை. நான் எது சொன்னாலும் "மூச்சு விடறானே கண்ணு" என்பார். வேறு பேச்சே இல்லை. டாக்டரிடம் போய், இரண்டாவது சோதனையின்போது இவரை உள்ளே விடலாமா என்று கேட்டேன். டாக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி, பக்கத்திலேயே நீங்களும் நில்லுங்கள் என்றார்.

மகனின் கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு பெரியவர் நின்றார். வென்டிலேட்டரைக் கழற்றினார்கள். தொண்டை டியூப் வழியாகச் சின்னக் குழாயில் ஆக்சிஜன் மட்டும் போய்க்கொண்டிருந்தது. ரத்தத்தில் கரியமில வாயு ஏற ஏற, கொஞ்சமாவது உயிருள்ள மூளைத்தண்டு என்றால் நெஞ்சை ஒரு முறையாவது தூக்கிவிடும். எட்டு நிமிடம். நெஞ்சு மேல் கிடந்த பச்சைப் போர்வையில் ஒரு மடிப்பு இருந்தது. பெரியவர் அந்த மடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அதையேதான் பார்த்தேன். அது அசையவே இல்லை. நடுவில் திரும்பிப் பார்த்தால், அவர் தன் மூச்சையும் அடக்கிக்கொண்டு நிற்கிறார். தோளைத் தொட்டு, "ஐயா, நீங்க மூச்சு விடுங்க" என்றேன்.

எட்டு நிமிடம் முடிந்தது. மெஷினை மாட்டினார்கள். நெஞ்சு மறுபடி ஏறி இறங்கியது. பெரியவர் கட்டைவிரலை விட்டுவிட்டு வெளியே வந்தார். "சில்வர் ஓக் மரத்தை வெட்டிச் சாய்ச்சாலும் ரெண்டு நாளைக்கு இலை பச்சையாத்தான் இருக்கும்ங்க சிஸ்டர்" என்றார். பெஞ்சில் இருந்தவர்களிடம் அவரே போய்ச் சொன்னார். சிறுநீரகங்கள், கல்லீரல், கண்கள் கொடுத்தார்கள். விபத்து கேஸ் என்பதால் பிரேதப் பரிசோதனையும் உண்டு. அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: இருட்டுவதற்குள் மலை ஏறிவிட முடியுமா? அதற்காக யார் யாரிடமோ போன் போட்டேன். நாலரைக்கு வண்டி அடிவாரம் தாண்டிவிட்டது.

உங்களை வராண்டாவில் நிற்க வைத்துக் கேட்டது தப்பு தம்பி. அதில் எனக்கு இரண்டாம் யோசனை இல்லை. அந்தத் தப்பை நானும் செய்திருக்கிறேன். 2013-ல் ஒரு சின்னப் பெண், வயது 24 இருக்கும், முதல் நாளிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. டாக்டர் எல்லாம் சொல்லிவிட்டார் என்று நினைத்துக்கொண்டு நான் தானம் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டேன். நிமிர்ந்து பார்த்து, "அப்ப அவரு செத்துட்டாரா?" என்று கேட்டது. யாருமே அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்கவில்லை. என் வாயிலிருந்து அது அப்படித் தெரிய வந்தது. அதன் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். இறந்துவிட்டார் என்பதை டாக்டர் உட்கார்ந்து, அந்தச் சொல்லையே பயன்படுத்திச் சொல்ல வேண்டும். அப்புறம் ஒரு டீ. அழ விட வேண்டும். ஊரிலிருந்து வரவேண்டியவர்கள் வரட்டும். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி, அதற்குப் பிறகுதான் அடுத்த பேச்சு. ஒரு முறை வேண்டாம் என்றால் மறுபடி கேட்பதில்லை. உங்களிடமும் அப்படிக் கேட்டிருந்தால் நீங்கள் சண்டை போட்டிருக்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன்.

*அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு வாசகி: அக்கா, என் வீட்டுக்காரர் போனிலேயே ஆதார் எண் போட்டு உறுப்பு தானத்துக்குப் பதிவு செய்துவிட்டார். அதைக் கேட்டதிலிருந்து மாமியார் சாப்பிடவில்லை. பதிவு செய்துவிட்டால் எங்களைக் கேட்காமலே எடுத்துவிடுவார்களா?*

எடுக்க மாட்டார்கள். மாமியாரைச் சாப்பிடச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டுக்காரர் பதிவு செய்தது நோட்டோ என்கிற தேசிய உறுப்பு, திசு மாற்று அமைப்பின் தளத்தில். 2023 செப்டம்பரிலிருந்து ஆதாரோடு இணைத்துப் பதிவு செய்கிற வசதி இருக்கிறது. அது அவருடைய விருப்பத்தைச் சொல்கிற தாள், அவ்வளவுதான். அப்படி ஒரு நிலை வந்தால் ஐசியூவில் குடும்பத்தைக் கேட்பார்கள். மனைவியோ, அப்பா அம்மாவோ, பிள்ளைகளோ சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால்தான் மேற்கொண்டு எதுவும் நடக்கும். பத்து வருடத்தில், குடும்பம் வேண்டாம் என்ற பிறகு எடுத்ததை நான் ஒரு முறை கூடப் பார்க்கவில்லை.

பதிவு செய்தது நல்ல காரியம். அதைவிட நல்ல காரியம், அதை உங்களிடம் சொன்னது. கார்டை மணிபர்ஸில் வைத்துக்கொண்டு வீட்டில் வாய் திறக்காதவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். விபத்தன்று அந்த பர்ஸ் போலீஸ் ஸ்டேஷனில் இருக்கும். கார்டு இருந்த விஷயம் பதினாறாம் நாள் காரியத்துக்குத் துணியெடுக்கும்போது தெரிய வரும். அவர் பதிவு செய்யாமல் இருந்திருந்தாலும் பரவாயில்லை. ஒரு நாள் சோறு போடும்போது, "எனக்கு ஏதாவது ஆச்சுன்னா கொடுத்துடுங்க" என்று அம்மா காதிலும் உங்கள் காதிலும் போட்டிருந்தாலே போதும். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தவர்களிடம் "அவர் என்ன நினைப்பார்?" என்று நான் கேட்கும்போது, பதில் தெரிந்த குடும்பம் பத்து நிமிடத்தில் முடிவு செய்துவிடும். தெரியாத குடும்பம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும். அதைப் பார்க்கத் தாங்காது.

மாமியாரை யாரும் இதற்கு ஒத்துக்கொள்ள வைக்க வேண்டாம். பெற்றவளிடம் பிள்ளை சாவதைப் பற்றிப் பேசினால் அப்படித்தான் இருக்கும். கொஞ்ச நாள் போகட்டும்.

*சூரமங்கலத்திலிருந்து ஒரு வாசகர்: என் அக்கா பெங்களூரில் இருக்கிறார், வயது 67. கல்லீரல் பழுது. தமிழ்நாட்டில் பதிவு செய்ய முடியுமா? வயதைக் காட்டித் தள்ளிவிடுவார்களா?*

2023 பிப்ரவரியில் மத்திய அரசு இரண்டையும் மாற்றிவிட்டது. இறந்தவரிடமிருந்து கிடைக்கும் உறுப்புக்காகப் பதிவு செய்ய இந்த மாநிலத்துக்காரராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை கூடாது. 65 வயதுக்கு மேல் பதிவு கிடையாது என்ற தடையும் போய்விட்டது. பதிவுக் கட்டணமும் வாங்கக் கூடாது. ஒருவருக்கு ஒரு பதிவு எண்தான். மருத்துவமனையை மாற்றினாலும் எண் மாறாது. வயதுக்காகத் தள்ள மாட்டார்கள், ஆனால் அறுவையை உடம்பு தாங்குமா என்று டாக்டர் பார்ப்பார். எங்கே அக்காவைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதோ அந்த ஊரில் பதிவு செய்யுங்கள். கூப்பிட்டால் சில மணி நேரத்தில் போய்ச் சேர வேண்டும். அறுவைக்குப் பிறகும் மாதக்கணக்கில் பக்கத்திலேயே இருக்க வேண்டியிருக்கும்.

*செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒரு வாசகி: சிஸ்டர், என் அண்ணனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது, வாரம் இரண்டு டயாலிசிஸ். அண்ணிக்குச் சர்க்கரை. தம்பி, எனக்குச் சின்னப் பிள்ளைகள் இருக்கு என்று ஒதுங்கிவிட்டான். எனக்கும் சின்னப் பிள்ளைகள்தான். ஆனால் எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். அண்ணன்மேல் உயிர், ஆனாலும் ராத்திரியில் பயமாக இருக்கிறது. முடியாது என்று சொன்னால் அம்மா வீட்டு வாசல் மிதிக்க முடியாது. பெண்களுக்கு ஏதோ புதுச் சலுகை வந்திருக்கிறதாமே?*

கண்ணு, சலுகையை அப்புறம் சொல்கிறேன். முதலில் உன் பயத்தைப் பேசுவோம். (நீ என்று எழுதிவிட்டேன். உன் கடிதம் அப்படி எழுத வைத்துவிட்டது.)

டாக்டரிடமோ ஒருங்கிணைப்பாளரிடமோ தனியாகப் பேச வேண்டும் என்று கேள். அண்ணன், அம்மா, வீட்டுக்காரர் யாரும் அந்த அறையில் இருக்கக் கூடாது. இது நீ கெஞ்சி வாங்குகிற உதவி இல்லை. கொடுப்பவர் பெண்ணாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும், அவருடைய சொந்தச் சம்மதத்தைப் பெறுபவர் அல்லாத வேறொருவர் உறுதி செய்ய வேண்டும் என்று சட்டத்தின் கீழ் வந்த விதிகளிலேயே இருக்கிறது. மனசில் இருப்பதை அங்கே அப்படியே சொல்லிவிடு. வேண்டாம் என்று நீ சொன்னால், "இவரிடமிருந்து எடுக்க முடியாது" என்று மட்டும் வீட்டாரிடம் சொல்லி, காரணத்தைத் தங்களோடு வைத்துக்கொள்கிற டாக்டர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு பெண்ணைக் காப்பாற்றி அனுப்பிய நாளில் எனக்கு ராத்திரி நல்ல தூக்கம் வந்தது.

ஒரு சிறுநீரகத்தோடு நன்றாக வாழ முடியும். பரிசோதனை ஒழுங்காகச் செய்து எடுத்தால் ஆபத்து குறைவு, வருடா வருடம் ரத்த அழுத்தமும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் அறுவைக்குப் பிறகு சில வாரம் குடம் தூக்கக் கூடாது, பிள்ளையைத் தூக்கக் கூடாது. உறுப்பு கொடுக்கும் மத்திய அரசு ஊழியருக்கு 42 நாள் சிறப்பு விடுப்பு உண்டு. வீட்டில் உட்கார்ந்து கொலுசு வேலை செய்கிற உனக்கு யார் விடுப்பு தருவார்கள்? யார் சமைப்பார்கள், எத்தனை வாரக் கூலி போகும், அதை யார் ஈடுகட்டுவார்கள்? அண்ணனிடமே கேள். அன்பு இருக்கிற இடத்தில் இதைக் கேட்பதில் வெட்கம் இல்லை.

தம்பியும் ஒரு டெஸ்ட் கொடுக்கட்டும். அண்ணி சர்க்கரைக்காரர் என்பது உண்மையான காரணம். சின்னப் பிள்ளைகள் இருப்பது தம்பிக்கு மட்டும் காரணமாகி உனக்கு ஆகாமல் போனது எப்படி? 2023-ல் நாடு முழுவதும் உயிரோடு இருக்கும்போதே உறுப்பு கொடுத்தவர்கள் 15,000-க்கும் மேல். அதில் நூற்றுக்கு 63 பேர் பெண்கள். வாங்குகிற பக்கம் போனால் கூட்டம் ஆண்கள்தான். நானே எத்தனையோ கேஸில் பார்த்திருக்கிறேன்: கணவனுக்கு என்றால் மனைவி முன்னால் வந்து நிற்பாள். மனைவிக்கு என்றால் அவளுடைய அம்மாவைத் தேடுவார்கள்.

நீ கேட்ட சலுகை இதனால்தான் வந்தது. 2025 ஆகஸ்டில் நோட்டோ மாநிலங்களுக்கு ஓர் அறிவுரை அனுப்பியது. காத்திருப்போர் பட்டியலில் உள்ள பெண்களுக்கும், ஏற்கெனவே இறந்து உறுப்பு கொடுத்தவரின் நெருங்கிய உறவினருக்கும் முன்னுரிமை கொடுங்கள் என்று அதில் சொல்லியிருக்கிறது. உன் அண்ணனுக்கு அது பொருந்தாது. அவர் பெயரை இறந்தவர் உறுப்புக்கான பட்டியலில் இப்போதே பதிவு செய்யச் சொல். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சிறுநீரக மாற்று வருகிறது, கார்டு இருக்கிறதா என்றும் பார். தம்பிக்கு ரத்த வகைதான் தடை என்றால், அதே சிக்கல் உள்ள இன்னொரு குடும்பத்தோடு மாற்றிக் கொடுத்துக்கொள்ளவும் 2011 திருத்தத்திலிருந்து சட்டம் இடம் கொடுக்கிறது. இத்தனை வழியையும் பார்த்துவிட்டு, அப்புறமும் நான்தான் கொடுப்பேன் என்று உனக்குத் தோன்றினால் தாராளமாகக் கொடு. எனக்கு எழுது, ஆபரேஷன் அன்றைக்கு வந்து உட்காருகிறேன்.

*ஜலகண்டாபுரத்திலிருந்து ஒரு வாசகர்: தறி ஓட்டுகிறேன். நாலு லட்சம் கடன். ஒருவர் வந்து, ஒரு கிட்னி கொடுத்தால் கடன் முழுக்க அடைந்துவிடும், சொந்தக்காரர் என்று பேப்பர் எல்லாம் நாங்களே ரெடி பண்ணிவிடுவோம் என்கிறார். ஊரில் இரண்டு பேர் கொடுத்திருக்கிறார்களாம்.*

வேண்டாம் அண்ணா. அந்த ஆளை இனிமேல் வாசலில் நிற்க விடாதீர்கள்.

2025 ஜூலையில் பள்ளிப்பாளையம் விசைத்தறித் தொழிலாளர்கள் கிட்னி விற்ற விஷயம் வெளியே வந்தது உங்களுக்கும் தெரிந்திருக்கும். அங்கேயும் கடன், அங்கேயும் புரோக்கர், அங்கேயும் போலிப் பேப்பர். உயர் நீதிமன்றம் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்கிற அளவுக்குப் போனது. சட்டப்படி உறுப்பை விற்பது, வாங்குவது, தரகு பார்ப்பது மூன்றும் குற்றம்: 5 முதல் 10 வருடம் சிறை, 20 லட்சம் முதல் ஒரு கோடி வரை அபராதம். அவர் ரெடி பண்ணுகிற பேப்பரில் பொய்க் கையெழுத்துப் போடப்போவது நீங்கள். மாட்டினால் உள்ளே போவதும் நீங்கள். சொன்ன பணத்தை அவர் கொடுக்காவிட்டால் எந்த ஸ்டேஷனில் போய்க் கேட்பீர்கள்?

கிட்னி விற்று வந்த ஒருவரை வேறு நோய்க்காக எங்கள் வார்டில் சேர்த்திருந்தார்கள். விலாப் பக்கத்துத் தழும்பைத் துண்டால் மூடிக்கொண்டே இருந்தார். பணம் வட்டிக்கே போய்விட்டது என்றார். முன்பு போல இரண்டு ஷிப்ட் தறியில் நிற்க முடியவில்லை, மறுபடியும் கடன். அவருக்கு யாரும் அறுவைக்குப் பின் ஒரு பரிசோதனைகூடச் செய்திருக்கவில்லை.

உங்கள் நோய் கடன். அதற்கு வழி பார்ப்போம். தமிழ்நாட்டில் 2003-லிருந்து கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில், யாரிடம் எவ்வளவு வாங்கினீர்கள், இதுவரை எவ்வளவு கட்டினீர்கள் என்று எழுதி மனு கொடுங்கள். அந்த மனுவிலேயே புரோக்கர் வந்ததையும் எழுதுங்கள். இவர்களால் யாருக்கு நஷ்டம் தெரியுமா? கூலி வாங்காமல் பெற்ற பிள்ளையைக் கொடுத்த அந்த ஸ்வெட்டர்காரப் பெரியவர் மாதிரி ஆட்களுக்குத்தான். அவரையும் சேர்த்து ஊர் சந்தேகமாகப் பார்க்கிறது.

*வாழப்பாடியிலிருந்து ஒரு வாசகர்: உறுப்பு கொடுத்தவர் உடலுக்கு அரசு மரியாதை என்கிறார்கள். செத்த பிறகு மாலை போட்டு என்ன ஆகப் போகிறது?*

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். 2023 செப்டம்பர் 23-ல் முதலமைச்சர் அறிவித்தார். 2008-ல் திருக்கழுக்குன்றத்துச் சிறுவன் ஹிதேந்திரனின் உறுப்புகளை அவனைப் பெற்ற டாக்டர் தம்பதி கொடுத்ததை வைத்துத்தான் அந்த நாள் நமக்கு உறுப்பு தான தினம். தமிழ்நாட்டில் 2023-ல் 178 குடும்பங்கள் கொடுத்தன. 2024-ல் அது 268 ஆனது. இங்கே உறுப்பு தானத் திட்டம் தொடங்கியதிலிருந்து அந்த வருடம்வரை அதுதான் அதிகம். மாலையால் மட்டும் கூடியது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஓமலூர்ப் பக்கம் ஒரு சாவுக்குப் போயிருந்தேன். காலையிலிருந்தே தெருவில், "எத்தனை லட்சத்துக்குக் கொடுத்தாங்களோ" என்று கிசுகிசு. அந்தத் தாய் காதிலும் விழுந்திருக்கிறது, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மதியம் அதிகாரிகள் வந்து மலர் வளையம் வைத்து, இந்தக் குடும்பம் ஒரு பைசா வாங்காமல் கொடுத்தது என்று எல்லார் முன்னாலும் சொன்னார்கள். அதோடு தெரு அடங்கியது. கூலி வேலை செய்கிற குடும்பத்துக்கு அந்த ஒரு வாக்கியம் எவ்வளவு பெரியது என்று அங்கே நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

*ஏற்காடு நாகலூரிலிருந்து ஒரு வாசகி: அப்பாவுக்கு 81 வயது, படுக்கையில் இருக்கிறார். நான் போனால் என் உடம்பில் உதவுகிறதையெல்லாம் கொடுத்துடுங்க என்கிறார். வீட்டில் உயிர் போனாலும் ஆறு மணி நேரத்துக்குள் சேலம் கொண்டுபோனால் கிட்னி எடுப்பார்களா?*

இந்த ஆறு மணி நேரத்தைப் பல பேர் குழப்பிக்கொள்கிறீர்கள். மூளைச்சாவில் வருவது இரண்டு சோதனைக்கு நடுவில் விடுகிற ஆறு மணி நேரம். நீங்கள் கேள்விப்பட்டது கண் தானத்துக்கான ஆறு மணி நேரம். வீட்டில் இதயம் நின்று போனவரிடமிருந்து நம் ஊரில் சிறுநீரகம், கல்லீரல் எடுக்க முடியாது. கண் எடுக்கலாம். 81 வயதா, கண்புரை ஆபரேஷன் செய்தவரா, கண்ணாடி போட்டவரா, சர்க்கரை உண்டா, எதுவும் தடையில்லை. ரத்தப் புற்றுநோய், எய்ட்ஸ், வெறிநாய்க்கடி போன்ற சில நோய்கள் இருந்தால் மட்டும் எடுக்க மாட்டார்கள். முழு உடல் தானம் வேறு. அது மருத்துவக் கல்லூரி உடற்கூறியல் துறைக்கு, மாணவர்கள் படிக்க. விருப்பமிருந்தால் சேலம் அரசு மருத்துவக் கல்லூரியில் அப்பா இருக்கும்போதே கேட்டு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

என் அம்மா கொண்டப்பநாயக்கன்பட்டியில் எங்கள் வீட்டிலேயே போனார். அப்போது செய்ததைச் சொல்கிறேன், அப்படியே செய்யுங்கள். இமையை மூடினேன். சுத்தமான பஞ்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து இமைமேல் வைத்தேன். மின்விசிறியை நிறுத்தினேன், காற்று பட்டால் கருவிழி காய்ந்துவிடும். தலைக்கு இன்னொரு தலையணை வைத்து உயர்த்தினேன். பெரியம்மா ஒரே சத்தம்: "கண்ணில்லாம சாமிகிட்ட எப்படிப் போவா?" நான் ஒன்றும் பேசவில்லை. கண் வங்கியிலிருந்து வந்தவர்கள் இருபது நிமிடத்தில் முடித்துவிட்டார்கள், கொஞ்சம் ரத்தமும் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டார்கள். முடிந்ததும் பெரியம்மா கிட்டே போய்க் குனிந்து அம்மா முகத்தைப் பார்த்தார். தூங்குகிற மாதிரிதான் இருந்தது. தலையை மட்டும் ஒரு முறை தடவிவிட்டு, நெற்றிக்குத் திருநீறு எடுத்து வந்தார்.

உங்களுக்கு மலைதான் கஷ்டம். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி அவர்கள் வர வேண்டும், பனி இறங்கினால் இன்னும் மெதுவாகத்தான் வருவார்கள். அதனால் உயிர் போனதும் முதல் போன் சொந்தக்காரர்களுக்கு வேண்டாம், அரசின் மருத்துவ உதவி எண் 104-க்கு அடியுங்கள், கண் தானம் என்று சொல்லுங்கள். நாகலூரில் எந்தத் தெரு, எந்தக் கோயில் பக்கம் என்று வழி சொல்ல ஓர் ஆளை ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். எண்ணை இன்றைக்கே அப்பா கட்டிலுக்கு மேலே சுவரில் பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள். அந்த நேரத்தில் போனில் தேட யாருக்கும் கை வராது. அப்பாவுக்கும் அது கண்ணில் படட்டும், அவர் கேட்டதுதானே.